சக்கர நாற்காலி வண்டிக்கு முறை இறங்காது

எனக்கு எழுபத்தேழு வயது ஆகிறது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஸ்டாண்டில் மேய்த்த டிரைவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

என் பெயர் கன்னியம்மா. சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மதிலை ஒட்டிய டாக்சி ஸ்டாண்டுக்குச் செயலாளராக இருந்தவள். கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு இல்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நான் படித்து முடிக்கும்வரை பஸ் நின்றால். இதை எழுதுவது என் பேத்தி. சொல்வது நான். எழுத்தில் தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள். விஷயத்தில் தப்பு இருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள், வருவதற்குத் தைரியம் இருந்தால்.

ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்காகத்தான் இது. போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள். அப்புறம் நைசாகப் பேச்சை எடுத்தீர்கள்.

"ஆயா, அந்த வீல்சேர் வண்டி முறைய எடுத்துடலாம்னு இருக்கறோம். எந்த ஆர்டர்லயும் அது இல்லியே."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆர்டரில் இல்லைதான். ஏன் இல்லை, இல்லாமலே இத்தனை வருஷம் எப்படி நின்றது என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். சாவகாசமாகத்தான் சொல்வேன். சவாரி காத்துக்கொண்டிருக்கிறது என்று நடுவில் எழுந்து ஓட வேண்டாம்.

என் வீட்டுக்காரர் ஒரு அம்பாசடர் ஓட்டினார். அவர் போன பிறகு காரை விற்றுவிடச் சொல்லித் தெருவே புத்தி சொன்னது. விற்கவில்லை. டிரைவர் போட்டேன், கொஞ்ச நாளில் இன்னொரு காரும் வாங்கினேன், ஸ்டாண்டை ஒட்டி எஸ்டிடி பூத்தும் வைத்தேன். போனில் வரும் சவாரி எல்லாம் முதலில் என் காதுக்குத்தான் வரும். அப்போது ஸ்டாண்டில் இரண்டு கட்சி. பெரிய காஞ்சிபுரத்து ஆட்கள் ஒரு பக்கம், சின்ன காஞ்சிபுரத்து ஆட்கள் ஒரு பக்கம். இவன் செயலாளர் ஆனால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். கடைசியில் யாரோ சொன்னார்கள்: "கன்னிமாக்கா இருக்கட்டும்பா. அதுக்கு எழுதத் தெரியாது. திருட்டுக் கணக்கு எழுத முடியாது." பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

எழுதத் தெரியாதவள் முறையை எப்படி வைப்பது? பூத் சுவரில் ஒரு பலகை அடித்து, மேலிருந்து கீழாக ஆணிகள் வைத்தேன். ஊடை நூல் சுற்றி, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் தார்க்குச்சி எங்கள் தெருவில் காலில் இடறும். வண்டிக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு நிறப் பட்டு நூல். அரக்கு என்றால் மணியின் வண்டி. மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் என்னுடையவை. மேல் ஆணியில் எந்த நிறம் தொங்குகிறதோ அந்த வண்டிக்கு அடுத்த சவாரி. போய்விட்டு வந்தால் குச்சி அடி ஆணிக்கு இறங்கும். முறை வந்தும் சவாரி வேண்டாம் என்று சொன்னாலும் அடி ஆணிதான். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் அந்தப் பலகைக்குக் கிடையாது.

ஒரே ஒரு விலக்கு இருந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற சவாரி, சாவு வீட்டுக்குப் போகிற சவாரி. இரண்டும் பக்கத்தில்தான் இருக்கும், வாடகையும் வாய்விட்டுக் கேட்க முடியாது. அதற்கு எந்த வண்டி போனாலும் முறை இறங்காது. குச்சி இருந்த ஆணியிலேயே இருக்கும். திரும்பி வந்து விட்ட இடத்திலேயே நிற்பான். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வரும்போதே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இப்போது சுலோசனா. தறிக்குப் பாவு நூல் போடுகிற ஏகாம்பரத்தின் மகள். குழந்தையில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டன. தலை மட்டும் எல்லாருக்கும் சேர்த்து வேலை செய்யும். சேலைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொண்டாள். அந்த வேலை அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. ஏனாத்தூர் ரோட்டில் ஒரு டிசைன் சென்டரில் அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் அப்பா அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார்.

மேல் ஆணியில் அரக்கு. அதாவது மணி. மணி நல்லவன். தொல்லையே அதுதான். கெட்டவனாக இருந்தால் ஒரு அதட்டலில் முடிந்திருக்கும். இவன் பார்த்தான், இரக்கப்பட்டான், ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பெண்ணை அப்படியே வாரித் தூக்கி சீட்டில் வைத்துவிட்டான். அவள் சேலைக் கொசுவம் கலைந்து ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். எதிரே டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் டம்ளரை வாயில் வைத்தபடி பார்த்தார்கள்.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "அண்ணா, தூக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?"

"இதுல இன்னாம்மா கேக்கறது? நீ இன்னா பாரமா? பூ மாதிரி இருக்கற."

டீக்கடையில் சிரித்தார்கள்.

"எங்கப்பாவே நான் வயசுக்கு வந்தப்புறம் என்னைத் தூக்குனதில்லண்ணா" என்றாள்.

சிரிப்பு நின்றது. நாற்காலியை டிக்கியில் திணித்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அதில் கால் வைக்கும் தகடு வளைந்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக என் பூத்துக்கு வந்தாள்.

"பெரிம்மா, காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா, அந்த டீக்கடை பாக்க என்னைத் தூக்கித் தூக்கிப் போடணும்னா எனக்கு அந்த வேலையே வேணாம். நாற்காலியோட ஏறுற மாதிரி ஒரு வண்டி இருந்தா சொல்லுங்க."

அவள் முதலாளி கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். வண்டி ஏற்பாடு ஆகும்வரை இடம் வைத்திருக்கிறேன், வர ஆரம்பித்த பிறகு நேரத்துக்கு வர வேண்டும், நடுவில் நின்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டிசைன் வரவில்லை என்றால் தறி நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்காரிலிருந்து பேச்சு வந்தது. லைசென்ஸ் வாங்கிய டாக்சி ஸ்டாண்டு எல்லாவற்றிலும் சக்கர நாற்காலிக்காரர்கள் போக ஒரு வண்டியாவது இருக்க வேண்டும், அது எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதப் போகிறார்கள், அதற்கு ஒரு குழு. மோட்டார் வாகன ஆய்வாளர், டவுன் ஆபீஸிலிருந்து ஒருவர், சால்வை போட்ட சமூக சேவைக்காரர் ஒருவர், ஸ்டாண்டு சார்பாக நான். நாற்காலியில் உட்காருகிறவர்கள் யாரும் இல்லை. நான் சுலோசனாவைக் கூட்டிக்கொண்டு போய் அவள் நாற்காலியை என் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு உதவிக்கு வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும்.

கூட்டம் என்றால் என்ன என்று உங்களுக்கு ஒரு பாடம் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் போண்டா வந்தது. இரண்டாவது கூட்டத்தில் முதல் கூட்டத்தில் பேசியதைப் படித்தார்கள். மூன்றாவதில் சால்வைக்காரர் வெளிநாட்டு டாக்சிகளைப் பற்றிப் பேசினார். பட்டனை அழுத்தினால் படி தானாக இறங்குமாம். எங்கள் ஸ்டாண்டில் கதவை அழுத்தினால் கைப்பிடி கழன்று வரும். அதை நான் சொன்னேன், சிரித்தார்கள், மறுபடி வெளிநாட்டுக்கே போய்விட்டார்கள்.

கடைசியில் வரைவு என்று ஒன்றைப் படித்தார்கள். டிக்கியில் மடித்த நாற்காலி வைக்கும் அளவு இடம் வேண்டும். பயணியைத் தூக்கி அமர்த்த ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரப்படும். நல்ல உடல்வாகு உள்ள ஓட்டுநர் ஒருவர் அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். யார் பெயர் வந்தது தெரியுமா? மணி.

"சார், மூட்டை தூக்கறதுக்குப் பயிற்சி குடுங்க" என்றாள் சுலோசனா. "எனக்கு நாற்காலியில உக்காந்துக்கினே வண்டிக்குள்ள போவணும். அவ்ளோதான்."

சால்வைக்காரருக்கு முகம் சிவந்தது. "யாரும்மா இந்தப் பொண்ணு?"

"யாருக்காக நீங்க விதி எழுதுறீங்களோ, அவங்க" என்றேன்.

ஆய்வாளர் மட்டும் வரைவை மடித்துப் பையில் வைத்தார். அவர் அதிகம் பேசமாட்டார். பேர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. "வண்டியைக் கொண்டாங்க, ஏத்திப் பார்ப்போம்" என்றார்.

அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் ஒரு வேனை நிறுத்திப் பலகை சாய்த்தார்கள். ஏற்றிப் பார்க்க சுலோசனாவை விட்டுவிட்டு ஆபீஸ் பியூனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று பயம். இரண்டு பேர் தள்ளினார்கள். பியூன் சுகமாக உள்ளே போனார், சுகமாக வெளியே வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சால்வைக்காரர் போட்டோ எடுக்க ஆளைக் கூப்பிட்டார்.

"அவரு குனிஞ்சாரு சார்" என்றாள் சுலோசனா.

"என்னம்மா?"

"கதவுகிட்ட தலைய குனிஞ்சு, முதுகை வளைச்சு உள்ள போனாரு. எனக்கு இடுப்பு அப்டி வளையாது."

பியூனுக்கே தான் குனிந்தது தெரியவில்லை. நல்ல உடம்பு உள்ளவன் வாசலைப் பார்த்தால் தலை தானாகக் குனியும். ஆய்வாளர் மறுபடி அவரை உட்காரவைத்து, "இந்தத் தடவை தலை அசையக்கூடாது. சாமி சிலை மாதிரி போகணும்" என்றார். தள்ளினார்கள். டங் என்று ஒரு சத்தம். பியூன் மண்டையைத் தடவிக்கொண்டே சிரித்தார், நாங்களும் சிரித்தோம். போட்டோக்காரர் கேமராவை உறையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்தச் சத்தத்தில்தான் விதி பிறந்தது. ஆய்வாளர் தன் கையால் எழுதிப் படித்தார்: பயணி தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, குனியாமல், யாரும் தூக்காமல் ஏறும்படி வண்டி இருக்க வேண்டும். "ஆனா இப்ப இது வெறும் தாள்" என்றார் என்னிடம். "ஒரு மாசம் உங்க ஸ்டாண்டுல ஓட்டிக் காட்டுங்க. ஓடிச்சின்னா எல்லா ஸ்டாண்டுக்கும் இதையே எழுதறேன். ஓடலைன்னா மேல இருக்கறவங்க அந்த டிக்கி வரைவுக்கே போயிடுவாங்க. என்னால நிறுத்த முடியாது."

குனியாமல் போகிற வண்டிக்கு எங்கே போவது? தாமல் கிராமத்தில் இருந்து ஒரு பையன் வருவான், தாமோதரன். தாமு என்போம். தறிச் சாமான் ஏற்றுவதற்காகக் கூரை உயர்த்திக் கட்டிய வேன் வைத்திருந்தான். வருஷக்கணக்காக எங்கள் ஸ்டாண்டில் சேரக் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியூர்க்காரன் என்று யாரும் விடவில்லை. ஆய்வாளரிடம் முறையாகக் காட்டிப் பயணிகள் வண்டியாக மாற்றி, பின்னால் மடக்குகிற சரிவுப் பலகை அடித்து, உள்ளே நாற்காலியைக் கட்ட நாலு கொக்கி வைத்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். செய்தான். அவனுக்குச் சாயம் போடாத வெள்ளைப் பட்டு நூலைச் சுற்றி ஒரு குச்சி மாட்டினேன்.

ஸ்டாண்டே என் மேல் பாய்ந்தது. "யக்கா, எங்களக் கேக்காம வெளி ஆளச் சேத்துக்கினு வர்றியா?"

"வெளி ஆளா? உன் அம்பாசடர்ல அந்தப் பொண்ணு குனியாம ஏறுமா, சொல்லு. ஏறினா இப்பவே அவன அனுப்பறேன்."

"சேத்துக்கோ" என்றான் மணி. "ஆனா முறைன்னா முறைதான். அவனுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது."

ஒத்துக்கொண்டேன். நியாயமாகத்தான் தெரிந்தது. விதி எழுதியவர்கள், வண்டி அடித்தவர்கள், நான், யாருக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்த பள்ளம் தெரியவில்லை.

தம்பிகளே, கவனியுங்கள். காலை நேரத்தில்தான் கோயிலுக்கு வந்தவர்கள் வெளியே வருவார்கள். திருப்பதி, வேலூர், சென்னை என்று நீளச் சவாரி எல்லாம் அப்போதுதான் கிளம்பும். அதே நேரத்தில்தான் சுலோசனாவுக்கு வேலை. அவள் ஏறுகிற வண்டி வேறு இல்லாததால், குச்சி எந்த ஆணியில் இருந்தாலும் தாமுதான் அவளை ஏற்றிக்கொண்டு ஏனாத்தூர் ரோடு வரை போய்விட்டு வருவான். வந்ததும் வெள்ளைக் குச்சி அடி ஆணிக்கு இறங்கும். அவன் முறை மேலே வரும்போது வெயில் ஏறி, கோயில் நடை சாத்தி, ஸ்டாண்டே ஈ ஓட்டும். இப்படித் தினமும். பலகை சரி, கொக்கி சரி, உயரம் சரி, வண்டி ஓட்டுகிறவன் வயிறு மட்டும் காலி. அந்த மாசக் கடைசியில் ஒரு நாள் பூத்துக்கு வந்து நின்றான்.

"யக்கா, மாசம் முடிஞ்சதும் நான் பழைய பொழப்புக்கே போயிடறேன். அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வரல."

நான் அவனைத் திட்டினேன். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டான். திட்டி என்ன பிரயோசனம்? அவன் சொன்னதில் ஒரு பொய் இல்லை.

மறுநாள் வைகாசி கருட சேவை. விடியும்முன்பே தெருவெல்லாம் தலை. வண்டி எதுவும் உள்தெருவுக்குள் போக முடியாது. முந்தின நாள் சவாரிகள் மெதுவாக நகர்ந்ததால் அன்று அதிசயமாக மேல் ஆணியில் வெள்ளைக் குச்சி தொங்கியது. தாமு வந்த பிறகு முதல் தடவையாகக் காலை நேரத்தில் அவன் முறை. அதற்கு அடுத்து அரக்கு.

ஒரு குடும்பம் வந்தது. ஆறு பேர், ஈரத் தலை, பிரசாதப் பை. "திருப்பதி போகணும். முதல் வண்டி எது?"

தாமு என்னைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தனை ஆசை. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுலோசனா வந்துவிடுவாள்.

டிரைவர்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "போப்பா தாமு, உன் முறைதான? போ. இதுக்குத்தான காத்துக்கினு இருந்த?" இவர்களுக்கு அவன் மேல் திடீர் பாசம். அவன் திருப்பதி போய்விட்டால் சுலோசனா நின்றுவிடுவாள், மாசம் கெடும், விதி விழும், தாமுவும் போவான். ஒரு சவாரியில் எல்லாம் முடிந்தது. வேண்டாம் என்று அவன் சொன்னாலும் ஸ்டாண்டு வழக்கப்படி அடி ஆணி, அதோடு அவன் நாளையிலிருந்து வரமாட்டான். போனாலும் கெட்டது, போகாவிட்டாலும் கெட்டது. என் கையில் இருந்த முறையே என்னைக் கட்டிப்போட்டது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுலோசனா வந்து சேர்ந்தாள். அப்பா பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். யாரோ அவள் மடியில் பூவும் உடைத்த தேங்காய் மூடியும் போட்டிருந்தார்கள். நின்று எங்கள் பேச்சைக் கேட்டாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

"பெரிம்மா, அவரு போவட்டும். பாவம். நான் இன்னைக்கு லீவு சொல்லிடறேன்."

"லீவு சொன்னா?"

மடியில் கிடந்த பூவை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"லீவு சொன்னா இன்னாடீ ஆவும்?"

"வேற ஆள் பாத்துக்குவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையும் திட்டினேன். "நீ இன்னா தியாகம் பண்ண வந்தியா? உனக்காகத்தான் நான் கத்திக்கினு இருக்கேன்னு நெனச்சிக்கினியா? உன்ன மாதிரி நாளைக்கு வரப்போறவங்களுக்கும் சேத்துக் கத்தறேன். வாய மூடிக்கினு உக்காரு." தாமுவிடம் திரும்பினேன். "நீ இவள ஏத்திக்கினு போ. உன் குச்சி மேல் ஆணியிலயே இருக்கும். முறை இறங்காது."

மணி பலகைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றான். "யக்கா, முறைய நீயே ஒடைக்கறியா? முறை இறங்காதுன்னா அது பிரசவத்துக்கும் சாவுக்கும்தான். இந்தப் பொண்ணு இன்னா பிரசவத்துக்குப் போவுதா, சாவுக்குப் போவுதா?"

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். அவள் அவனைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"ரெண்டுக்கும் இல்லண்ணா. வேலைக்குப் போறேன்."

மேளச் சத்தத்திலும் அது எல்லாருக்கும் கேட்டது. டீக்கடை மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டார்.

"கேட்டியா மணி?" என்றேன். "பொறக்கறவனுக்கு உன் முறை நிக்கும். செத்தவனுக்கு நிக்கும். நடுவுல பொழைக்கறதுக்குப் போறவளுக்கு நிக்காதா? இன்னாடா முறை அது?"

ஒருவன் பின்னாலிருந்து, "அப்ப நாங்க வண்டிய எடுத்துக்கினு வேற ஸ்டாண்டுக்குப் போறோம்" என்றான்.

"போ. போறவன் அவன் அவன் குச்சிய அவன் அவனே கழட்டிக்கினு போ. நான் கழட்டித் தரமாட்டேன்."

பலகை அங்கேயே இருந்தது. ஒருவரும் கை நீட்டவில்லை. துணிச்சல் இல்லாததால் இல்லை, திருப்பதிக் குடும்பம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கழற்றியவனுக்கு இன்றைக்குச் சவாரி இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மனசு மாறினார்கள் என்று நான் கதை கட்ட மாட்டேன்.

"வெள்ளைக்கு அடுத்து அரக்கு" என்றேன். "மணி, திருப்பதி உனக்கு. கிளம்பு. அவங்க நின்னுக்கினே இருக்காங்க."

அவன் என்னை முறைத்துக்கொண்டே அந்தக் குடும்பத்தின் பையை வாங்கி டிக்கியில் வைத்தான். தாமு சரிவுப் பலகையை இறக்கினான். ஆனால் கூட்டம் பலகை மேலேயே ஏறி நின்று கருடனைப் பார்க்க எட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி நகரவில்லை. மணி பார்த்தான். இரண்டு அடி முன்னால் வந்தான். கை நீண்டது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் எதனா பண்ணணுமாம்மா?"

"இந்தக் கூட்டத்தக் கொஞ்சம் தள்ளுங்கண்ணா. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவன் போட்ட அதட்டலில் கோபுரத்துப் புறா பறந்தது. வழி விட்டார்கள். அவள் உட்கார்ந்தபடி, குனியாமல் உள்ளே போனாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தாமு திரும்பி வந்தபோது வெள்ளைக் குச்சி மேல் ஆணியில் இருந்தது. அடுத்து வந்தது சென்னை சவாரி. அதை ஏற்றிக்கொண்டு போனவன் மறுபடி பழைய பொழப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். டிரைவர்கள் ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் இரண்டு வண்டி டிரைவர்களும்கூட. நானும் பேசவில்லை. எனக்கு மட்டும் என்ன அவசரம்?

மாசம் முடிந்து ஆய்வாளர் வந்தார். புகார் உண்டா என்று கேட்டார். மணிதான் முன்னால் வந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "சார், அந்தச் சரிவுப் பலகை மழையில வழுக்குது. மேல ரப்பர் ஒட்டச் சொல்லுங்க" என்றான். ஆய்வாளர் அதையும் விதியில் சேர்த்தார். தூக்காமல், குனியாமல், வழுக்காமல். மாவட்டம் முழுக்க அதுதான் போனது.

"சார், முறை இறங்காதுன்னும் எழுதுங்க" என்றேன். "அது இல்லேன்னா ஓட்டறவன் நிக்க மாட்டான்."

அவர் பேனாவை மூடினார். "அம்மா, அது உங்க ஸ்டாண்டு சமாச்சாரம். அதுல நான் கை வெச்சா, நாளைக்கு யாருக்கு எந்த ஆணின்னு எல்லாம் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து சொல்லுவாங்க. உங்களுக்கு அது வேணுமா?" வேண்டாம்தான். எழுந்து போகும்போது சொன்னார்: "நான் எழுதினது இரும்புக்கு. அதை ஓட வைக்கறது நீங்க சொன்னதுதான். பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். என் கண் தெரிகிறவரை அந்தப் பலகை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல விதி போட்ட மற்ற ஸ்டாண்டுகளில் சரிவுப் பலகை வைத்த வண்டி துருப்பிடித்து மரத்தடியில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அளவில் ஒரு குறையும் இருக்காது. ஓட்ட ஆள் இருக்காது.

இப்போது உங்களுக்கு ஆணியும் இல்லை, குச்சியும் இல்லை, முறையெல்லாம் செல்போனில். நல்லது. போன வாரம் வந்த தம்பி இன்னொன்றும் சொன்னான். "அந்த சுலோசனாக்காவே இப்ப சொந்தமா சென்டர் வெச்சி, சொந்தமா வண்டி வெச்சிருக்காங்க ஆயா. அப்புறம் யாருக்காக இந்த முறை?"

யாருக்காகவா? நான் அன்றைக்கே அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன், உனக்காக மட்டும் கத்தவில்லை என்று. அவள் புரிந்துகொண்டாள். உங்களுக்குத்தான் புரியவில்லை. கோயில் வாசலில் இறங்குகிற நாற்காலி ஒவ்வொன்றுக்கும், கூரத்திலிருந்தோ எங்கிருந்தோ ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் வருகிற நாற்காலிக்கும், சும்மா சினிமாவுக்குப் போகிற நாற்காலிக்கும் சேர்த்துத்தான். காரணம் கேட்காதீர்கள். பிரசவமா, சாவா என்று விசாரிக்காதீர்கள். ஏற்றிக்கொண்டு போகிறவன் திரும்பி வந்தால் அவன் இடம் அவனுக்கு இருக்க வேண்டும். செல்போனில் அதற்கு வழி இல்லை என்றால் செல்போனைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் வாருங்கள். பலகை பரணில்தான் இருக்கிறது.

எந்த ஆர்டரிலும் இல்லை என்றீர்கள். சரி. இனி இந்தத் தாளில் இருக்கும்.

பேத்தி பேனாவை வைத்துக்கொண்டு, "ஆயா, முடிவுன்னு எதனா எழுதட்டுமா?" என்று கேட்கிறாள். அதெல்லாம் வேண்டாம். அவ்வளவுதான். நான் சொன்னதைத்தான் எழுதினாயா, நடுவில் மரியாதைக்காக எதையாவது மாற்றினாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். மணி கேட்டதையும் அந்தப் பெண் சொன்ன பதிலையும் எழுதியிருக்கிறாயே, அந்த இடத்திலிருந்து சத்தமாகப் படி பார்க்கலாம்.